இரண்டு பச்சை, ஒரு மஞ்சள்

ஜூலை 8, திங்கள்

வட்டார வள மையத்தில் பயிற்சி முடிந்து இன்று வகுப்புக்குத் திரும்பினேன். மற்ற பள்ளி டீச்சர்கள் பின் வரிசையில் உட்கார்ந்து சேலை விலை பேசிக்கொண்டிருந்தார்கள். முழுக்கக் குறிப்பு எடுத்தது நான் ஒருத்திதான். மேற்பார்வையாளர் தேவசகாயம் சார் அதைக் கவனித்தார். போகும்போது, "பெர்சிஸ் டீச்சர், உங்க வகுப்பை ஒருநாள் வந்து பாக்கணும்" என்றார்.

விஷயம் இதுதான். பிள்ளைகள் எழுதுவதை டீச்சர் மட்டுமே திருத்தக் கூடாது. கூடப் படிக்கிற பிள்ளைகள் படித்துக் கருத்துச் சொல்ல வேண்டும். பிடித்ததற்குப் பச்சைச் சீட்டு இரண்டு, சரிசெய்ய வேண்டியதற்கு மஞ்சள் சீட்டு ஒன்று. கருத்து வாங்குகிற பிள்ளை எதிர்த்துப் பேசக் கூடாது. "நன்றி, சேர்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அதன்படி திரும்ப எழுத வேண்டும்.

சாயந்திரம் கலர் பேப்பர் வாங்கி வந்து சீட்டு வெட்டினேன். வீட்டுக்காரர் ஞானராஜ் டிவி பார்த்துக்கொண்டே உதவுகிறேன் என்று கோணல்மாணலாக வெட்டி வைத்தார். எல்லாவற்றையும் திரும்ப வெட்டினேன். கேஸ் சிலிண்டர் தீரப்போகிறது. சொல்லி வைக்க வேண்டும்.

ஜூலை 10, புதன்

முதல் நாள் ஒரே சந்தைக்கடை. 'நான் பார்த்த திருவிழா' எழுதச் சொல்லியிருந்தேன். பச்சைச் சீட்டில் எல்லோரும் 'சூப்பர்' என்று எழுதினார்கள். மஞ்சளில் ஒருவன், 'உன் மூக்கு சரியில்லை' என்று எழுதிக் கொடுத்து, அடிதடி ஆகிவிட்டது.

கரும்பலகையில் எழுதிப் போட்டேன்: ஆளைப் பற்றிச் சொல்லாதே, எழுத்தைப் பற்றிச் சொல். பொத்தாம்பொதுவாகச் சொல்லாதே, குறிப்பாகச் சொல்.

நிவாஷினிதான் உடனே பிடித்துக்கொண்டாள். மெயின் ரோட்டில் மெடிக்கல் ஸ்டோர் வைத்திருக்கிற சண்முகவேலின் மகள். மாடசாமியின் கட்டுரையை வாங்கிப் படித்துவிட்டு, "ராட்டினம்னு எழுதியிருக்க. நீ அதுல ஏறுனியா இல்லையான்னு எழுதல" என்றாள். ஏறவில்லை என்றான். "ஏன் ஏறல?" என்றாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "எங்கம்மா வேண்டாம்னுட்டா. துட்டு இல்ல" என்றான். "அதை எழுது. அதுதான் நல்லாருக்கும்" என்றாள்.

பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன கூர்மை! மாடசாமி அழுதான். ஆனால் எழுதினான். கட்டுரை நிஜமாகவே நன்றாக வந்தது.

ஜூலை 15, திங்கள்

என் ஐந்தாம் வகுப்பில் புதிதாக ஒரு பிள்ளை. மு. முத்துப்பேச்சி. ஒல்லி, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய தலை. கையெழுத்து அச்சு மாதிரி. தாய் வேலம்மாள் போன மாதம்தான் ஊரைவிட்டு இங்கே வந்து, தீப்பெட்டி ஆபீசில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள்.

சேர்க்கை முடிந்ததும் அந்தப் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "டீச்சர், உங்களட்ட மறைக்கக் கூடாதுன்னு சொல்லுதேன். இவ அப்பா ஜெயில்ல இருக்காக. கூடப் பிறந்த தம்பிய வெட்டிட்டாக. வரப்புத் தகராறு. கேஸ் நடக்கு. யாரும் கேட்டா அப்பா துபாய்ல இருக்காகன்னு சொல்லச் சொல்லியிருக்கேன். நீங்க மட்டும் தெரிஞ்சுக்கிடுங்க. யாருட்டயும் சொல்லிராதீங்க."

என் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல் நுனியெல்லாம் தீக்குச்சி மருந்து அரித்திருந்தது. எவ்வளவு பேர் இருக்க, என்னிடம் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. முகத்தைப் பார்த்ததும் ஒரு நம்பிக்கை வரும்போல.

ஜூலை 20, சனி

முட்டி வலிக்கு மாத்திரை வாங்க மெடிக்கல் ஸ்டோருக்குப் போனேன். நிவாஷினியின் அம்மா கல்லாவில் இருந்தார். நாற்காலி போட்டு, காபி வாங்கிவரச் சொன்னார். வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். எல்லாம் பள்ளிக்கூடக் கதைதான்.

ஜூலை 24, புதன்

'என் அப்பா' என்று தலைப்புக் கொடுத்தேன். பாடப்புத்தகத்தில் இருக்கிற தலைப்புதான், நானாக யோசித்துக் கொடுத்ததல்ல.

முத்துப்பேச்சி மூன்றே வரி எழுதியிருந்தாள். 'என் அப்பா பெயர் முருகையா. அவர் துபாயில் இருக்கிறார். அவர் நல்லவர்.'

பச்சை: கையெழுத்து அழகு, பிழை இல்லை. மஞ்சள்: துபாயில் என்ன வேலை? போனில் என்ன பேசுவார்? எப்போது வருவார்?

"நன்றி, சேர்த்துக்கொள்கிறேன்" என்றாள். மற்ற பிள்ளைகள் மாதிரி முகத்தைச் சுளிக்கவில்லை, வாதாடவில்லை. கருத்தை வாங்கிக்கொள்வதில் இவளுக்கு இணை வகுப்பில் கிடையாது.

ஜூலை 30, செவ்வாய்

முத்துப்பேச்சியின் இரண்டாம் வரைவைப் பார்த்து அசந்துவிட்டேன். அப்படியே எழுதி வைக்கிறேன்.

'என் அப்பா துபாயில் பெரிய கட்டடத்தின் கண்ணாடியைத் துடைக்கிறார். கயிற்றில் தொங்கிக்கொண்டு துடைக்கிறார். கீழே பார்த்தால் கார்கள் எறும்பு மாதிரி போகுமாம். துடைத்த பிறகு கண்ணாடியில் என் முகம் தெரிகிறது என்று போனில் சொன்னார்.'

விஷயம் தெரிந்த எனக்கே ஒரு நிமிடம் உண்மை என்று தோன்றியது. மாடசாமி வாயைத் திறந்துகொண்டு கேட்டான். கயிறு அறுந்துவிடாதே என்று கவலைப்பட்டான்.

அப்போது நிவாஷினி மஞ்சள் சீட்டோடு எழுந்தாள். "டீச்சர், இது உண்மை இல்ல."

"எழுத்தைப் பத்தி மட்டும் சொல்லணும், நிவாஷினி."

"எழுத்தப் பத்திதான் சொல்லுதேன் டீச்சர். கட்டுரைன்னா உண்மைய எழுதணும்னு நீங்கதான சொன்னீங்க. இவ அப்பா துபாய்ல இல்ல, ஜெயில்ல இருக்காரு. இவ சித்தப்பாவ வெட்டிட்டாரு."

வெளியே சத்துணவு அக்கா பாத்திரம் தேய்ப்பது மட்டும் கேட்டது. முத்துப்பேச்சி நின்ற இடத்திலேயே நின்றாள். பிறகு, "நன்றி, சேர்த்துக்கொள்கிறேன்" என்றாள்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எப்படித்தான் எல்லாம் தெரிந்துவிடுகிறதோ.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

தேவசகாயம் சார் வந்தார். சீட்டு முறையைப் பார்த்து அவருக்கு மகிழ்ச்சி பிடிபடவில்லை. மாத இறுதியில் மாவட்ட அலுவலர் அம்மாவை அழைத்து வருகிறாராம். என் வகுப்புதான் மாதிரி வகுப்பு. நன்றாக அமைந்தால், டீச்சர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற மாவட்டக் கருத்தாளர் பட்டியலுக்கு என் பெயரைப் பரிந்துரை செய்வார். பன்னிரண்டு வருஷமாக இந்தப் பள்ளியில் சாக்பீஸ் தூசி தின்றுகொண்டிருக்கிறேன். ஒருவராவது கண்டுகொண்டாரே.

"முதல் வரைவு, ரெண்டாவது, மூணாவது. கருத்துனால எழுத்து எப்படி வளருதுன்னு கண்ணால பாக்கணும் டீச்சர். அதுக்கு ஒரு பிள்ளை வேணும்" என்றார். முத்துப்பேச்சியின் இரண்டு வரைவையும் காட்டினேன். பின்னணியையும் சொல்ல வேண்டியதாயிற்று.

இரண்டு தாளையும் திரும்பப் படித்தார். "மூணாவது வரைவுல இந்தப் பிள்ளை உண்மைய எழுதிட்டா… அடேயப்பா!" என்றார். பிறகு, "கட்டாயப்படுத்திறாதீங்க. தானா எழுதுனா எழுதட்டும்" என்றார். நல்ல மனிதர்.

ஆகஸ்ட் 8, வியாழன்

மதியம் முத்துப்பேச்சியைத் தனியாக உட்கார வைத்துப் பேசினேன்.

"பேச்சி, டீச்சர் உன்னைக் கட்டாயப்படுத்தல. ஆனா வகுப்பே உன் கட்டுரைக்குக் காத்துக்கிட்டிருக்கு."

"துபாய்னுதான் சொல்லணும்னு அம்மா சொல்லிருக்கு, டீச்சர்."

"அது ஊர்க்காரங்ககிட்ட சொல்றதுக்கு. இது படிப்பு. படிப்புல பொய் எழுதலாமா?"

"எழுதக் கூடாது டீச்சர்."

"நீ சேர்த்துக்கறேன்னு சொன்னியா இல்லையா?"

"சொன்னேன் டீச்சர்."

பாருங்கள், கட்டாயமே இல்லை. சத்துணவு அக்காவிடம் சொல்லி அவளுக்கு ஒரு முட்டை கூடுதலாக வைக்கச் சொன்னேன். அதை அவள் மாடசாமி தட்டில் போட்டுவிட்டுக் கை கழுவப் போய்விட்டாளாம்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

மூன்றாம் வரைவு வந்துவிட்டது.

'என் அப்பா துபாயில் இல்லை. ஜெயிலில் இருக்கிறார். அவர் என் சித்தப்பாவை வெட்டினார். சித்தப்பா என்னைச் சைக்கிள் முன்கம்பியில் உட்கார வைத்து ஓட்டுவார். ஜெயிலில் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் அப்பா நிற்பார். எல்லோரும் கத்துவதால் அப்பா பேசுவது கேட்காது. வாய் அசைவது தெரியும். நான் தலையை ஆட்டுவேன்.'

சைக்கிள் வரியை முன்னால் கொண்டுவரச் சொன்னேன். சைக்கிளைப் படித்துவிட்டு வெட்டியதைப் படித்தால்தான் மனசில் இறங்கும். உடனே மாற்றி எழுதிக்கொண்டு வந்தாள். அம்மாவிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். எந்தப் பக்கம் ஆட்டினாள் என்று கவனிக்கவில்லை, அந்த நேரம் பெரிய டீச்சர் கூப்பிட்டுவிட்டார்.

ஆகஸ்ட் 19, திங்கள்

இடைவேளையில் முத்துப்பேச்சியின் முதுகில் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. 'உன் அப்பாவைத் தூக்கில் போடுவார்களா என்று நீ எழுதவில்லை.' நான்தான் பிய்த்து எடுத்தேன். யார் ஒட்டியது என்று கேட்டேன், யாரும் சொல்லவில்லை. கண்டித்தேன். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். வாக்கியத்தில் ஒரு பிழை இல்லை. பொத்தாம்பொதுவாகவும் இல்லை. வகுப்பில் சொல்லிக் கொடுத்தது விளையாட்டு மைதானம் வரை போயிருக்கிறது.

முத்துப்பேச்சி இப்போதெல்லாம் இடைவேளைக்கு வெளியே போவதில்லை. கட்டுரையை மனப்பாடம் செய்கிறாள் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

ஆலயம் போய்வந்து சாப்பிடும்போது ஞானராஜிடம் கட்டுரையைப் படித்துக் காட்டினேன். சோற்றில் கையை வைத்தபடியே இருந்தார்.

"அந்தப் பிள்ளையோட அம்மாட்ட கேட்டியா?"

"பிள்ளைகிட்ட சொல்லி அனுப்பியிருக்கேன்."

"சின்னப் பிள்ளைகிட்ட சொல்லிவிட்டா ஆச்சா பெர்சிஸ்? நேர்ல போய்ப் பேசு."

பேசலாம்தான். தீப்பெட்டி ஆபீஸ் வேலை விட்டு அந்தப் பெண் வர ஏழு மணி ஆகும். எனக்கு முட்டி வலி. இன்ஷூரன்ஸ் விற்கிறவருக்கு வகுப்பறை பற்றி என்ன தெரியும்?

குழம்பில் உப்பு கூடிவிட்டது. அதையும் சொன்னார்.

ஆகஸ்ட் 29, வியாழன்

எங்கிருந்து தொடங்குவது? பிரமாதம். அப்படித்தான் எல்லோரும் சொன்னார்கள்.

கூடம் நிறைந்திருந்தது. மாவட்ட அலுவலர் அம்மா, தேவசகாயம் சார், மற்ற பள்ளி டீச்சர்கள், பள்ளிக் குழு, சில பெற்றோர். சண்முகவேல் முன்வரிசையில் உட்கார்ந்து போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். மூன்று வரைவையும் பெரிதாக எழுதி மாட்டியிருந்தேன்.

முத்துப்பேச்சி மூன்றாம் வரைவைப் படித்தாள். தடுமாறவில்லை, அழவில்லை. 'நான் தலையை ஆட்டுவேன்' என்று முடித்தபோது அலுவலர் அம்மா கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்தார். அந்த நிமிடத்துக்காகவே இத்தனை பாடும் தகும் என்று நினைத்துக்கொண்டேன்.

"இப்ப பிள்ளைகள் கருத்துச் சொல்லுங்க, பாப்போம்" என்றார் அம்மா.

மாடசாமி பச்சை காட்டினான். "சைக்கிள் வரி நல்லாருக்கு. எனக்கும் அந்த சித்தப்பா சைக்கிள்ல ஏறணும்போல இருக்கு." இன்னொரு பிள்ளை, குரல் தெளிவாக இருந்தது என்றாள். பிறகு நிவாஷினி மஞ்சள் சீட்டைத் தூக்கினாள். ஒத்திகையில் அவளுக்குக் கொடுத்திருந்த கருத்து வேறு. இது அவளாகவே யோசித்தது.

"சித்தப்பாவ வெட்டினாருன்னு எழுதியிருக்க. அருவா எங்க இருந்துச்சு, யாரு எடுத்தான்னு எழுதல. படிக்கிறவங்க கண்ணுக்கு அந்த இடம் தெரியல."

முத்துப்பேச்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சொல்லு என்று தலையசைத்தேன். வேறென்ன செய்ய முடியும்?

"அருவா அடுப்படில இருந்துச்சு" என்றாள். "அம்மாதான் எடுத்துக் குடுத்துச்சு."

யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். அலுவலர் அம்மாவின் கர்ச்சீப் மடியில் இறங்கியது.

"நன்றி, சேர்த்துக்கொள்கிறேன்" என்று நிவாஷினியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, முத்துப்பேச்சி தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

தேவசகாயம் சார்தான் முதலில் கை தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். எல்லோருக்கும் அல்வா, மிக்சர், டீ.

ஆகஸ்ட் 30, வெள்ளி

காலையில் பள்ளி வாசலில் வேலம்மாள். வேலைக்குப் போகவில்லை. தெருவில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"உங்க ஒரு ஆளுட்டதான டீச்சர் சொன்னேன்."

"பிள்ளை தானா எழுதுச்சும்மா. நான் கட்டாயப்படுத்தல."

"அவ அன்னைக்கு அரைத் தூக்கத்துல எந்திரிச்சு வந்தா டீச்சர். அவ பாத்தான்னே எனக்குத் தெரியாது. இத்தன நாளா எங்கிட்டகூட ஒரு வார்த்த கேட்டதில்ல." சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். "நான் உள்ள போயிட்டா அவள யாரு டீச்சர் பாப்பா?"

திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவள் திட்டவில்லை. பெரிய டீச்சர் வந்து, பிள்ளைகள் பார்க்கிறார்கள், போய்வாம்மா என்று அனுப்பிவைத்தார்.

முத்துப்பேச்சி இன்று வந்திருந்தாள். நேற்று சாயந்திரமே, யாரும் சொல்லாமல், மூன்றாம் வரைவின் ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதி என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். 'அரிவாளை அம்மா எடுத்துக் கொடுத்தார்.' சேர்த்துக்கொள்கிறேன் என்றால் சேர்த்துவிடுகிற பிள்ளை.

செப்டம்பர் 4, புதன்

வேலம்மாளைப் பெண் போலீஸ் இரண்டு பேர் தீப்பெட்டி ஆபீசிலிருந்தே அழைத்துப் போனார்களாம்.

செப்டம்பர் 5, வியாழன்

ஆசிரியர் தினம். ரோஜாப்பூ, பேனா, கேக். நிவாஷினி வீட்டிலிருந்து ஒரு சேலை. கரும்பச்சை, எனக்கு எடுக்கும்.

செப்டம்பர் 6, வெள்ளி

இன்ஸ்பெக்டர் பள்ளிக்கு வந்தார். மரியாதையாகப் பேசினார். பிள்ளை எழுதியது ஏதாவது இருந்தால் கொடுங்கள் என்றார். பீரோவைத் திறந்து எடுத்தேன். பென்சில் வரி லேசாகத்தான் இருந்தது. அழிரப்பர் மேசையிலேயே கிடந்தது. பெரிய டீச்சர் இன்ஸ்பெக்டருக்கு டீ சொல்ல வெளியே போயிருந்தார், இன்ஸ்பெக்டர் போன் பேசிக்கொண்டிருந்தார்.

பிள்ளையின் வரைவில் டீச்சர் கைவைக்கக் கூடாது என்பது முறையின் அடிப்படை. மூன்று வரைவையும் என் கோப்புக்கு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, அசலைக் கொடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 11, புதன்

வேலம்மாளையும் வழக்கில் சேர்த்துவிட்டார்கள். முத்துப்பேச்சியை வேறு ஊரில் இருக்கிற குழந்தைகள் இல்லத்துக்கு அனுப்புகிறார்கள். இன்று இல்லத்திலிருந்து ஒரு அம்மா வந்து அவள் பையையும் அவளையும் அழைத்துப் போனார். போகும்போது என்னிடம் வந்து நின்றாள். ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன்.

"எங்கம்மாவ விட்டுருவாங்களா டீச்சர், நான் உண்மையத்தான எழுதினேன்?"

கன்னத்தைத் தட்டிக் கொடுத்தேன். நன்றாகப் படி என்றேன்.

மாடசாமி இப்போது எதுவுமே எழுதுவதில்லை. வெறும் தாளைக் கொடுக்கிறான். அடித்தாலும் எழுத மாட்டேன் என்கிறான். வெறும் தாளுக்குப் பிள்ளைகள் என்ன கருத்துச் சொல்வார்கள்? அவன் அம்மாவைக் கூப்பிட்டுப் பேச வேண்டும்.

செப்டம்பர் 17, செவ்வாய்

ஆணை வந்துவிட்டது! மாவட்டக் கருத்தாளர். கூடவே என் வகுப்பை வீடியோ எடுக்கிறார்களாம். மூன்று வரைவும் அதில் வர வேண்டும், குறிப்பாக மூன்றாவது, என்று அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார்கள். அரிவாள் வரி மட்டும் வேண்டாம்.

ஞானராஜிடம் ஆணையைக் காட்டினேன். படித்துவிட்டு மேசையில் வைத்தார். சாப்பிடாமல் வெளியே போய்விட்டார். பொறாமை ஆண்களுக்கும் உண்டு.

செப்டம்பர் 21, சனி

இன்று படப்பிடிப்பு.

முத்துப்பேச்சி இல்லாததால் யாரைப் படிக்க வைப்பது என்று யோசித்தோம். நிவாஷினியைவிட வேறு யார்? ஆனால் சண்முகவேல் ஒத்துக்கொள்ளவில்லை.

"எம் மக வாயால, எங்கப்பா ஜெயில்ல இருக்காருன்னு சொல்றதா? விளையாட்டுக்குக்கூட வேண்டாம் டீச்சர். நாளைக்குக் கடைக்கு வர்றவன் என்ன நினைப்பான்? ஊர் வாய மூட முடியுமா?"

பெற்ற தகப்பன் மனசு எனக்குப் புரியாதா? எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அதனால் நான் ஒரு யோசனை சொன்னேன். தொடக்கத்திலேயே, 'இது எங்கள் வகுப்பில் படித்த மு. முத்துப்பேச்சி தன் அப்பாவைப் பற்றி எழுதியது' என்று நிவாஷினி சொல்லிவிட வேண்டும். முத்துப்பேச்சியின் போட்டோவையும் காட்டிவிடலாம். யாருக்கும் சந்தேகம் வராது. சண்முகவேலுக்குத் திருப்தி.

"எந்த இடத்துல அழணும் டீச்சர்?" என்று நிவாஷினி கேட்டாள். 'தலையை ஆட்டுவேன்' என்ற இடத்தில் என்றேன். சரியாக அங்கே கண்ணீர் வந்தது. கேமராக்காரரே ஆச்சரியப்பட்டார். முத்துப்பேச்சி படித்ததைவிட இது உருக்கமாக இருந்தது, உண்மையைச் சொல்ல வேண்டும்.

பிள்ளைகள் எல்லோரும் பச்சைச் சீட்டைத் தூக்கினார்கள். மாடசாமி மட்டும் எதையும் தூக்கவில்லை. அவனைச் சட்டகத்துக்கு வெளியே நகர்த்தி உட்கார வைத்தோம்.

போகும்போது தேவசகாயம் சார் சொன்னார், வரும் வாரமே மாவட்டத்தில் எல்லாப் பள்ளிக்கும் அனுப்பிவிடுவார்களாம். வகுப்பறையில் திரையில் போட்டுக் காட்டிப் பிள்ளைகளிடம் கருத்துக் கேட்க வேண்டுமாம். முத்துப்பேச்சி இப்போது சேர்ந்திருக்கிற பள்ளியும் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார்.

பாவம், புது இடம். அவளை யார் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. இனி எல்லோருக்கும் தெரிந்துவிடும்.